மாமாவோட டிரங்குப் பெட்டி

போன பதிவுல மல்லிகைக் குச்சியை மணல் பாத்தியில எப்படி ஊன்றுறதுன்னு எழுதியிருந்தேன். அதைப் பார்த்துட்டு மாடித் தோட்டக்காரங்க நிறையப் பேரு சந்தேகம் கேட்டிருக்கீங்க. அதுக்கெல்லாம் அடுத்த பதிவுல பதில் சொல்றேன். இந்தத் தடவை விவசாயம் கம்மி, வரலாறு ஜாஸ்தி. பொறுத்துக்குங்க.

எங்க தங்கச்சிமடத்துக்கு நாத்துதான் பிழைப்பு. இந்த மணலுக்கும் ஊத்துத் தண்ணிக்கும் மல்லிகைக் குச்சி வேர் விடுற மாதிரி வேற எங்கயும் விடாது. மதுரைப் பக்கம் பூக்குற மல்லிகையில பாதிக்கு எங்க தீவுதான் தாய் வீடுன்னு ஊர்ல பெருமையாச் சொல்லிக்குவோம். நாத்து போக, நானும் கொஞ்சம் செடி பூவுக்குன்னு விட்டிருக்கேன். அதனால யாருக்கு எந்த நாள் மாலை போகுதுங்கிறது எனக்கு அத்துப்படி. ஜூலை 26 கார்கில் நாள், ராமநாதபுரத்துல இருந்து ரெண்டு மூணு பள்ளிக்கூடத்துல கேப்பாக. 27 கலாம் ஐயா நினைவு நாள். பேய்க்கரும்புல அவரோட மணிமண்டபம் என் தோட்டத்துல இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அன்னைக்குப் பூ கிலோ என்ன விலைன்னு கேக்காமலே வாங்கிட்டுப் போவாக.

29-ஆம் தேதிக்கு ஆர்டர் வராது. ஒரு வருஷம் கூட வந்ததில்லை.

1987 ஜூலை 29-ல தான் கொழும்புல ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. மறுநாளே நம்ம ராணுவம் யாழ்ப்பாணத்துல இறங்க ஆரம்பிச்சுது. பேரு இந்திய அமைதி காக்கும் படை. 32 மாசம் அங்க இருந்தாங்க. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரல. தனுஷ்கோடி முனையில நின்னா தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். சுதந்திர இந்தியாவோட சிப்பாய்கள் வெளிநாட்டு மண்ணுல இவ்வளவு நாள் நின்னு இவ்வளவு பேர் செத்தது எங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துல. ஆனா அதைப் பத்தி எங்க ஊர்ல சத்தமாப் பேச மாட்டோம். ஏன் பேச மாட்டோம்னு எழுதத்தான் இந்தப் பதிவு.

இதை எழுதணும்னு தோணுனது 2025 ஏப்ரல் 6 அன்னைக்கு. புதுப் பாம்பன் பாலம் திறந்த நாள். பிரதமர் இலங்கையில இருந்து ஹெலிகாப்டர்ல நேரா இங்க வந்தாரு. பாதுகாப்புன்னு ரோட்டை அடைச்சிட்டாங்க, நாத்துக் கட்டு ஏத்த வேன் வரல, நான் வீட்டுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். பாலம், ரயில், கோயில்னு மாத்தி மாத்திக் காட்டுனாங்க. நடுவுல ஒரு நொடி, முந்தின நாள் கொழும்பு பக்கத்துல ஒரு கறுப்புக் கல்லு முன்னாடி அவரு மலர் வளையம் வைக்கிற படம் வந்து போச்சு. அமைதிப் படை நினைவுச் சின்னம்னு ஒரு வரி ஓடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த மாமா கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சிட்டாரு.

மாமான்னா ஊர் முறையில மாமா. பேரை எழுதல, அவருக்குப் பிடிக்காது. என் தோட்டத்துக்கு அடுத்தது அவரு தோட்டம். பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சேர்ந்து, கண்ணிவெடி எடுக்குற வேலையில இருந்தவரு. அந்தப் படைப்பிரிவுல சிப்பாய்க்குச் செல்லப் பேரே 'தம்பி'தானாம். இந்திக்காரர், பஞ்சாப்காரர், யாரா இருந்தாலும் மதராஸ் சாப்பரைப் பார்த்தா தம்பின்னுதான் கூப்பிடுவாங்களாம். இதுல ஒரு வேடிக்கை, அந்தப் பக்கம் பிரபாகரனுக்கும் அவரு ஆளுக மத்தியில 'தம்பி'ன்னுதான் பேரு.

கொஞ்சம் பின்னாடி போறேன். 1987 ஜூன்ல எனக்கு 12 வயசு. யாழ்ப்பாணத்தை இலங்கை ராணுவம் சுத்தி வளைச்சிருந்த நேரம், அங்க சோத்துக்கே கஷ்டம்னு பேச்சு. ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்துல இருந்து 19 படகு, செஞ்சிலுவைக் கொடி கட்டிக்கிட்டு, உணவுப் பொருளும் மருந்தும் ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. எல்லாம் நம்ம மீன்பிடிப் படகுதான். ஊரே கடற்கரைக்குப் போயிருச்சு. இலங்கைக் கடற்படை நடுக்கடல்ல மறிச்சு, உள்ள விடலைன்னு திரும்பி வந்தாங்க. மறுநாள் இந்திய விமானப்படை ஏ.என்-32 விமானத்துல அதே மாதிரிப் பொருளைக் கொண்டுபோயி யாழ்ப்பாணத்து மேல போட்டுது. கூட மிராஜ் போர் விமானம் காவலுக்கு. அதுக்கு அரசாங்கம் வச்ச பேரு ஆபரேஷன் பூமாலை. பூ விக்கிற குடும்பத்துல பிறந்தவன், அந்தப் பேரை மறக்க முடியுமா.

ஆக, போரு ஆரம்பிச்சதே பூமாலையிலதான். ஒப்பந்தத்துக்கு அப்புறம் படை இறங்குனப்பவும் யாழ்ப்பாணத்துச் சனங்க மாலை போட்டுத்தான் வரவேற்றாங்க. நம்மளைக் காப்பாத்த வந்துட்டாகன்னு நம்புனாங்க. சிங்களப் பக்கம்தான் கொதிப்பு. கொழும்புல அணிவகுப்பு மரியாதையில வச்சே ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பி ராஜீவ் காந்தியை அடிச்சான், அந்தப் படத்தை நீங்க பார்த்திருப்பீங்க.

ரெண்டே மாசத்துல எல்லாம் தலைகீழ். நல்லூர்ல உண்ணாவிரதம் இருந்த திலீபன் செப்டம்பர் 26-ல இறந்தாரு. அக்டோபர் 5-ல பலாலியில காவல்ல இருந்த புலேந்திரன், குமரப்பா உள்பட 12 புலிகள் சயனைடு கடிச்சுச் செத்தாங்க. அந்த வாரமே சண்டை. நம்ம அரசாங்கமே 1983-க்கு அப்புறம் ஆயுதமும் பயிற்சியும் குடுத்து வளர்த்த பசங்களை நம்ம ராணுவமே நேருக்கு நேர் சுட வேண்டியதாப் போச்சு. பயிற்சி குடுத்த இடத்துல பாதி தமிழ்நாட்டுலதான் இருந்துச்சு. இதைத் தீர்மானம் பண்ணுனவங்க யாரும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல கண்ணிவெடி தேடல.

அக்டோபர் 11 ராத்திரி என்ன நடந்துச்சுன்னு மாமா ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் நான் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல புலிகளோட தலைமையைப் பிடிக்கணும்னு ஹெலிகாப்டர்ல ஆள் இறக்குனாங்க. விஷயம் முன்னாடியே அந்தப் பக்கம் தெரிஞ்சு போயிருந்துச்சு. பாரா கமாண்டோ ஆளுக எப்படியோ சண்டை போட்டு வெளிய வந்தாங்க, அதுலயும் 6 பேர் போயிட்டாங்க. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி 13-வது பட்டாலியன்ல இருந்து இறங்குனது 30 பேர். அவங்களுக்குப் பின்னாடி வர வேண்டிய ஹெலிகாப்டர் வர முடியல. விடியற வரைக்கும் தனியா நின்னு சண்டை. 29 பேர் செத்துட்டாங்க, ஒருத்தர் பிடிபட்டாரு. பஞ்சாப்ல கோதுமை விதைக்கிற வீட்டுப் பிள்ளைங்க. யாழ்ப்பாணம் வரைபடத்துல எங்க இருக்குன்னு கூட அவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது.

யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ரெண்டு மூணு நாள் போதும்னு மேல நினைச்சிருந்தாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, 200 பேருக்கு மேல பலி. ரோடெல்லாம் கண்ணிவெடி. அந்தச் செம்மண் ரோட்டுல முதல்ல நடக்குறது மாமா மாதிரி ஆளுக. அது போக இன்னொரு வேலையும் இவரு தலையில விழுந்துச்சு. தமிழ் தெரிஞ்சவருங்கிறதால எந்தப் பட்டாலியன் தேடுதலுக்குப் போனாலும் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். "ஆபீசர் இந்தியில கத்துவாரு மாப்ள, நான் தமிழ்ல கத்தணும். அந்த வீட்டுக்காரகளுக்கு என் முகம்தான ஞாபகம் இருக்கும்" அப்படின்னாரு.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு செக் போஸ்ட்ல ஒரு பாட்டி பையைத் திறந்து காட்டிக்கிட்டே எந்த ஊருன்னு கேட்டிருக்கு. தங்கச்சிமடம்னு இவரு சொல்லியிருக்காரு. அந்தப் பாட்டிக்கு எங்க ஊரு தெரிஞ்சிருக்கு. சின்ன வயசுல ராமேஸ்வரம் கோயிலுக்குப் படகுல வந்திருக்காம். "அப்ப நீ எங்கட பிள்ளை. ஏன் ராசா துவக்கோட வந்தனி?" அப்படின்னு கேட்டுச்சாம். இவரு பையை மூடிக் குடுத்து அனுப்பிட்டாரு. இந்த ஒரு கதையைத் தவிர அங்க நடந்ததுன்னு வேற எதையும் எனக்கு முழுசாச் சொன்னதில்லை.

இங்க நான் இன்னொண்ணையும் சொல்லியாகணும். அதை விட்டுட்டு எழுதுனா இந்தப் பதிவுக்கு மரியாதை இல்ல. அக்டோபர் 21, 22-ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம ராணுவம் புகுந்து சுட்டதுல நோயாளி, டாக்டர், நர்ஸ்னு 60 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ஆஸ்பத்திரியில இன்னைக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல அவங்க படத்துக்கு விளக்கேத்துறாங்க. அது போக வீடு வீடாப் போன தேடுதல்ல நடந்த அநியாயங்களை மண்டபம் முகாம்ல இருக்கிறவங்க வாயால நானே கேட்டிருக்கேன். மாமாகிட்ட ஆஸ்பத்திரியைப் பத்திக் கேட்டேன். "நான் அங்க இல்ல"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "இருந்திருந்தாலும் உங்கிட்டச் சொல்லியிருப்பனான்னு தெரியல மாப்ள"ன்னாரு.

அமைதிப் படையைப் பத்தி எழுதுற ஆளுக ரெண்டு வகை. ஒரு வகைக்கு அவங்க எல்லாரும் மாவீரர்கள், ஆஸ்பத்திரி நடக்கவே இல்ல. இன்னொரு வகைக்கு எல்லாரும் கொலைகாரங்க, அந்த 29 பஞ்சாப் பிள்ளைங்க பிறக்கவே இல்ல. எனக்கு ரெண்டும் ஒத்து வரல. செத்த சிப்பாய்க்கு மரியாதை பண்றதுன்னா அந்தச் சண்டையே சரின்னு சொல்றதா ஆயிரும்னு நம்ம ஊர்ல ஒரு பயம் இருக்கு. அந்தப் பயத்துலதான் 35 வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்னு ஒருத்தர். பம்பாயில பிறந்த தமிழர், சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில படிச்சவரு. மஹார் ரெஜிமென்ட் 8-வது பட்டாலியன். 1987 நவம்பர் 25 ராத்திரி, யாழ்ப்பாணத்துல தேடுதல் முடிஞ்சு திரும்பி வர்ற வழியில மறைஞ்சிருந்து தாக்குனாங்க. அவரு ஆளுகளோட பின்பக்கமா வளைச்சுப் போயிருக்காரு. நெஞ்சுல குண்டு. அந்த நிலையிலயும் சுட்டவன் கையில இருந்த துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிச் சுட்டு, உயிர் போற வரைக்கும் உத்தரவு குடுத்துக்கிட்டே இருந்தாராம். அமைதிப் படையில பரம் வீர் சக்ரா வாங்குன ஒரே ஆளு அவருதான். இறந்தப்ப வயசு 41. சென்னையில ராணுவக் குடும்பங்களுக்கான ஒரு குடியிருப்புக்கு பரமேஸ்வரன் விஹார்னு பேரு வச்சிருக்காங்க. 2023-ல அந்தமான்ல ஒரு தீவுக்கும் அவரு பேரை வச்சாங்க. சென்னையில இருக்கிற நண்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, கார்கில்ல செத்த அதிகாரிகள்ல ரெண்டு பேராவது உங்களுக்குத் தெரியும். பரமேஸ்வரன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே 40 வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

அந்தச் சண்டைக்கு நடுவுலதான், 1988 அக்டோபர் 2-ல, எங்க ரோட்டுப் பாலத்தைத் திறக்க ராஜீவ் காந்தி பாம்பனுக்கு வந்தாரு. அது வரைக்கும் எங்க நாத்துக் கட்டெல்லாம் ரயில்லதான் போகும், ரயிலை விட்டா எல்லாம் வாடிப் போகும். பாலம் வந்தது எங்களுக்கு மறு பிறவி. நானும் அப்பா தோள்ல தொத்திக்கிட்டுப் பார்க்கப் போனேன் (13 வயசுப் பயல் தோள்ல ஏறுனதுக்கு வாங்குன அடி தனிக் கதை). அன்னைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் மாமா இருந்தாரு. அந்தக் கூட்டத்துல அத்தையும் இருந்துச்சு. பிரதமரைப் பார்த்துக் கேக்கணும்னு ஏதோ வச்சிருந்துச்சாம். கிட்டப் போக முடியல.

1989-ல இலங்கையில பிரேமதாசா ஜனாதிபதி ஆனாரு. ஜூலைக்குள்ள படை வெளிய போகணும்னு கெடு வச்சாரு. அதோட நிக்கல, நம்ம படையை எதிர்த்துச் சண்டை போடப் புலிகளுக்கு அவரு அரசாங்கமே ரகசியமா ஆயுதம் குடுத்துச்சு. யாருக்காகப் போனாங்களோ அந்தத் தமிழங்க வெறுத்தாங்க, யாரு கூப்பிட்டாங்களோ அந்தச் சிங்கள அரசாங்கம் வெறுத்துச்சு. டெல்லியில ஆட்சி மாறுச்சு, வி.பி. சிங் படையைத் திருப்பிக் கூப்பிட்டாரு. 1990 மார்ச் 24-ல திருகோணமலையில இருந்து கடைசிக் கப்பல் கிளம்புச்சு.

மெட்ராஸ் துறைமுகத்துல அவங்களை வரவேற்க அப்ப முதலமைச்சரா இருந்த கலைஞர் போகல. தமிழர்களைக் கொன்ன படையை வரவேற்க மாட்டேன்னு வெளிப்படையாச் சொல்லிட்டாரு. அதுக்கு அவரை வாழ்த்துனவங்களும் உண்டு, வைஞ்சவங்களும் உண்டு. அவரு கோபத்துல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியைப் பத்தித் தெரிஞ்சவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த விலாசம் தப்பு. ஒப்பந்தம் போட்டவங்க, திட்டம் போட்டவங்க, ரெண்டு பக்கமும் ஆயுதம் குடுத்தவங்க யாரும் அந்தக் கப்பல்ல வரல. கையில ஒரு டிரங்குப் பெட்டியும், கால்ல சேத்துப் புண்ணுமா வந்தவங்கதான் இறங்குனாங்க.

மாமாவும் அந்த மாசம் வந்தவருதான். எழும்பூர்ல இருந்து ராமேஸ்வரம் ரயில்ல ஏறி, பாம்பன்ல இறங்கி, உடுப்போட நடந்து வந்திருக்காரு. டீக்கடையில யாரோ, பேரு வேணாம், "என்னப்பா, எத்தனை பேரைச் சுட்ட?"ன்னு கேட்டிருக்காங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்களாம். டீயைக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாரு. அவரு டிரங்குப் பெட்டி மூடியில வெள்ளைப் பெயின்ட்ல பேரு, நம்பரு, யூனிட் எல்லாம் எழுதியிருக்கும். படகுக்கு அடிக்க வாங்கி வச்சிருந்த நீலப் பெயின்ட்டை எடுத்து அது மேல அன்னைக்குச் சாயங்காலமே பூசிட்டாரு. அதுக்கப்புறம் லீவுல வந்தா லுங்கிதான். ரிட்டயர் ஆனப்புறம் அந்தப் பெட்டியில நாத்துக் கட்டுற நாரு போட்டு வச்சிருக்காரு. கொடி நாளுக்குப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாலும் போக மாட்டாரு.

மூணே மாசம். 1990 ஜூன்ல அங்க மறுபடியும் சண்டை. புலிகளும் இலங்கை ராணுவமும். ராவோட ராவாப் படகு படகா அகதிங்க எங்க கரையில வந்து இறங்குனாங்க. அடுத்த ஒரு வருஷத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல. எல்லாரும் முதல்ல மண்டபம் முகாமுக்குத்தான் போகணும். அந்த முகாம் ஒரு காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவங்களை நோய் இருக்கான்னு பார்த்து அனுப்புறதுக்குக் கட்டுனது. போனவங்க வழியும் அதுதான், வந்தவங்க வழியும் அதுதான். மாமா அப்ப லீவு முடிஞ்சு போயிட்டாரு. அத்தை தினம் பெரிய சட்டியில கஞ்சி காய்ச்சிக் கரைக்குக் கொண்டு போகும். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"ன்னு ஒரு பொண்ணு கேட்டப்ப, பெங்களூர்ல வேலைன்னு சொல்லுச்சாம்.

இப்ப இதே மாவட்டத்துல நடந்த இன்னொண்ணு. 2020 ஜூன் 15 ராத்திரி லடாக் கல்வான் பள்ளத்தாக்குல சீன ராணுவத்தோட நடந்த மோதல்ல நம்ம ஆளுக 20 பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் ஹவில்தார் பழனி. திருவாடானைப் பக்கம் கடுக்கலூர்க்காரர், பீரங்கிப் படை, 22 வருஷ சர்வீஸ். கொரோனா ஊரடங்குக் காலம், ஆனாலும் 18-ஆம் தேதி அவரை அடக்கம் பண்றப்ப அந்தச் சின்ன ஊரு தாங்கல. குண்டு முழங்க அரசு மரியாதை. அடுத்த வருஷம் வீர் சக்ரா அறிவிச்சாங்க, குடியரசுத் தலைவர் கையால அவரு மனைவி வாங்குனாங்க. அந்த வாரம் என் தோட்டத்துல இருந்தும் மாலைக்குப் பூ போச்சு. காசு வாங்கல. வாங்கணும்னு தோணல. மாமாவும் என் கூட நின்னு பூ எடுத்தாரு. எடுத்துக்கிட்டே, "நல்ல வேளை, அவரு நல்ல சண்டையில செத்தாரு"ன்னாரு. எனக்கு அப்பப் புரியல.

நம்ம ஊருல இது புதுசும் இல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006-ல ஒரு நடுகல் கண்டுபிடிச்சாங்க. 2,000 வருஷத்துக்கு மேல பழசு, தமிழ்ப் பிராமி எழுத்து. மாடு பிடிக்கிற சண்டையில செத்த ஒருத்தனோட பேரு, ஊரு, எதுல செத்தான்னு அதுல இருக்கு. மாட்டைத் திருடப் போனதா, மீட்கப் போனதா, அந்தச் சண்டை நியாயமா அநியாயமான்னு கல்லு கேக்கல. அப்புறம் ராஜாக்கள் காலத்துல சண்டையில செத்தவன் குடும்பத்துக்கு நிலம் எழுதிக் குடுப்பாங்க, அதுக்கு உதிரப்பட்டின்னு பேரு. ரத்தத்துக்கு நிலம். விவசாயியா எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். மாலை ஒரு நாள்ல வாடிரும், நிலத்துல பிள்ளைங்க சாப்பிடும்.

வெள்ளைக்காரன் வந்தப்புறம் கல்லு இருந்துச்சு, பேரு போயிருச்சு. முதல் உலகப் போருக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணிக்கை மட்டும் போட்ட கல்லுங்க தமிழ்நாட்டுல பல ஊர்ல இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல இன்னும் குழப்பம். எங்க மாவட்டத்துல இருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவங்கள்ல நிறையப் பேர் நேதாஜி படையில சேர்ந்தாங்க. அதே நேரம் இங்க இருந்து போனவங்க பிரிட்டிஷ் படையில இருந்தாங்க. நேதாஜி 1945 ஜூலையில சிங்கப்பூர் கடற்கரையில தன்னோட வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டுனாரு. ரெண்டு மாசத்துல திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் அதை வெடி வச்சுத் தகர்த்துச்சு. சுதந்திரம் வந்தப்புறமும் அந்த வீரர்களை நம்ம ராணுவத்துல சேர்த்துக்கல. யாரு ஜெயிச்சாங்களோ அவங்க கணக்குப்படிதான் எந்தச் சாவு நல்ல சாவுன்னு ஆகுது. பழனியைப் பத்தி மாமா சொன்னது அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அமைதிப் படைக்குப் பேரோட கல்லு வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? இலங்கை அரசாங்கம். எங்க மண்ணை விட்டுப் போன்னு விரட்டுன அதே நாடு. கொழும்பை ஒட்டி ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில, அவங்க நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துல. 2008-ல கட்டி முடிச்சாங்க. பலாலியிலயும் ஒண்ணு இருக்கு. டெல்லியில தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தது 2019 பிப்ரவரி 25-ல தான். அதுக்கு 11 வருஷம் முன்னாடியே கொழும்புல கல்லு நின்னுடுச்சு. அந்தக் கல்லுல ஏன் வச்சாங்கங்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு அரசியல் இருக்கும், எனக்கும் தெரியும். அதுக்காகக் கல்லுல இருக்கிற பேரு பொய்யாயிருமா?

ஏப்ரல் 6-க்கு வர்றேன். டம்ளரைக் கீழ வச்ச மாமா, "அதுல பேரெல்லாம் இருக்கா மாப்ள?"ன்னு கேட்டாரு. இருக்குன்னேன். செல்போன்ல அந்தக் கல்லோட படத்தைத் தேடி எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாரு. ஒரு பேரைச் சொன்னாரு. பஞ்சாப் ஆளு. சண்டை தொடங்குறதுக்கு முன்னாடி இவருகிட்டத் தமிழ்ல பத்து வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டவராம். ஏழு மட்டும் வாயில வராதாம், 'எளு எளு'ன்னு சொல்லுவாராம். இத்தனை வருஷத்துல அந்தப் பேரை எங்க வீட்டுல யாரும் கேட்டதில்லை, அத்தை உள்பட. அவங்க வீட்டு ஆளுக இருப்பாங்கங்கிறதால நானும் இங்க எழுதல.

நான் தேடுனேன். எந்தப் படத்துலயும் எல்லாப் பேரும் தெரியல. வளையம் வைக்கிறவங்க முகம் தெளிவா இருக்கு, கல்லு பின்னாடி மங்கலா இருக்கு. "இருக்கும் மாப்ள, பெறகு பாப்போம்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. சாயங்காலம் ரோடு திறந்து வேன் வந்துச்சு. நாத்துக் கட்டப் பெட்டியில இருந்து நாரு எடுக்கப் போனேன். மூடியில ஒரு ஓரமா நீலப் பெயின்ட்டைச் சுரண்டியிருந்துச்சு. புதுச் சுரண்டல். ரெண்டு எழுத்து தெரிஞ்சுது.

2023 அக்டோபர்ல இருந்து நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டிருக்காங்க. நடுவுல நிக்கும், அப்புறம் ஓடும். 1987-ல நம்ம படை கப்பல்ல போயி இறங்குன அதே துறைமுகம். அங்க இறங்கிக் கொழும்புக்கு ரயில்ல போகலாம்னு கேள்விப்பட்டேன். போன மாசம் மாமாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம். போலீஸ் விசாரணைக்கு வந்த தம்பி, "எதுக்கு ஐயா இந்த வயசுல இலங்கை?"ன்னு கேட்டாரு. "ஒரு ஆளைப் பாக்கணும்"னு மாமா சொன்னாரு.

போறப்ப பூ கொண்டு போக விடுவாங்களான்னு யாருக்காவது தெரிஞ்சாச் சொல்லுங்க. மல்லிகை மொக்கு ஐஸ் வச்சு ஈரத் துணியில கட்டுனா ரெண்டு நாள் தாங்கும்.